மீண்டும் நால்வரில் நாலாவது குரல்

அவருக்குப் பெற்றோர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று இருந்தது. கரண்ட் பில்லில் இன்றும் அந்தப் பெயர்தான் வருகிறது. ஆனால் தெருவில் நின்று அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். மீசை அரும்பும் வயதில் மற்ற பையன்களுக்கெல்லாம் குரல் மாடியிலிருந்து இறங்கி வந்து தரையில் நின்றது. இவருக்கு மட்டும் தரையைப் பெயர்த்துக்கொண்டு இன்னும் கீழே போய்விட்டது. ஒருநாள் வகுப்பில் வருகைப் பதிவின்போது இவர் "உள்ளேன் ஐயா" என்றதும், வாத்தியார் சத்தம் வந்த இடத்தைத் தேடி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அன்றோடு பெற்றோர் வைத்த பெயருக்கு வேலை போயிற்று. ஊருக்கு அவர் பாதாளம்.

அந்தக் குரலுக்கும் அதை வைத்திருந்த ஆளுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. ஒல்லி உடம்பு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் தொழிலில் காலமெல்லாம் குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் எதையோ எட்டிப் பார்ப்பவர் போலவே நிற்பார். கூச்ச சுபாவம் வேறு. கல்யாணத்துக்கு முன்னால் வருங்கால மாமனார் முதல் முறை போன் செய்தபோது, எடுத்தது மாப்பிள்ளையின் தகப்பனார் என்று நினைத்து ரொம்ப மரியாதையாகப் பேசிவிட்டார். பாதாளத்துக்கு அதைத் திருத்தக் கூச்சம். தன்னைப் பற்றித் தானே நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு போனை வைத்தார். பிற்பாடு விஷயம் தெரிந்தும் மாமனாருக்குக் கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்க வழி தெரியவில்லை. கடைசிவரை அப்படியே ஓட்டிவிட்டார்.

பாதாளம் பாட்டுக்காரர் ஆனது கார் ஓட்டப் போன இடத்தில். கடைவீதியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. "கிளட்ச், கிளட்ச்" என்று ஓயாமல் கத்துவதால் ஊரில் அவருக்குப் பெயரே கிளட்ச். முதல் நாள் வகுப்பில் பாதாளம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இப்ப லெஃப்ட்ல திருப்பணுமாண்ணே?" என்று கேட்டார். காரின் டேஷ்போர்டு லேசாக அதிர்ந்தது. கிளட்ச் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"லெஃப்ட்ல திருப்பணுமாண்ணே?"

"திருப்ப வேண்டாம். இறங்கு. நீ பாடப் போற."

அன்று இறங்கியவர்தான். லைசென்ஸ் இன்னும் வாங்கவில்லை. இன்றைக்கும் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்துதான் எங்கேயும் போய் வருகிறார்.

கிளட்சுக்கு அப்படி ஒரு வெறி இருந்தது. அந்தக் காலத்தில் வானொலியில் 'நால்வர்' என்று ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. வாத்தியம் எதுவும் கிடையாது, நாலு ஆண் குரல் மட்டும். ஒருவர் மேலே பறப்பார், இருவர் நடுவே நடப்பார்கள், நாலாமவர் எல்லாருக்கும் அடியில் 'டும் டும்' என்று நகர்ந்துகொண்டே இருப்பார். சவரக் கடையிலும் சைக்கிள் கடையிலும் ஊரே அதைக் கேட்டுக் கிறங்கிக் கிடந்தது. நால்வர் போய்ச் சேர்ந்த பிறகும் பாட்டுகள் போகவில்லை. கிளட்ச் அவற்றைப் பழைய இசைத்தட்டிலிருந்து உரித்தெடுத்து, 'மீண்டும் நால்வர்' என்று ஒரு குழுவைக் கட்டி, நகர மண்டபத்தில் கச்சேரி நடத்திவந்தார். மேல் குரலுக்கு ஒரு தையல்காரர். ஆள் குண்டு, குரல் ஊசி. நடுவில் ஒரு மருந்துக்கடைக்காரரும் கிளட்சும். அடியில் பாதாளம்.

பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலையில், டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில். நாலு பேரில் யாருக்கும் இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. எனவே கிளட்ச் தன் கையில் இருந்ததை வைத்தே வேலையை ஓட்டினார். சாலைக் குறிகள் போட்ட அட்டைகளை எடுத்துக் காட்டுவார். 'முந்திச் செல்லாதே' என்றால் தையல்காரர் அவசரப்படுகிறார் என்று அர்த்தம். 'வளைவு' என்றால் சரணம் வரப்போகிறது. 'வேகத்தடை' என்றால் எல்லோரும் மூச்சு எடுத்துக்கொள்ளலாம். பாதாளத்துக்கென்று ஒரே ஒரு அட்டை இருந்தது. குறுக்குக் கோடு போட்ட ஹாரன். 'ஒலி எழுப்பாதே.'

"நான் பாடவே கூடாதாண்ணே?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"பாடணும். ஆனா கேக்கக் கூடாது," என்றார் கிளட்ச். "உன் சத்தம் தனியாத் தெரிஞ்சுதுன்னா நீ சரியாப் பாடலைன்னு அர்த்தம்."

பாதாளத்துக்கு அது புரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பூசிய ரசத்தை யாரும் பார்ப்பதில்லை, தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தன் வேலை அந்த ரசம் என்று எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. நாலு குரலும் சரியாகப் பொருந்தி உட்காரும்போது அவருடைய உள்ளங்காலில் ஒரு கூச்சம் எடுக்கும். அந்தக் கூச்சத்துக்காகவே வாரத்தின் மற்ற ஆறு நாளும் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை வருஷம் பாடியும் ஒரு பாட்டுக்குக்கூட அவருக்கு வார்த்தை தெரியாது. சோகப் பாட்டா காதல் பாட்டா என்றுகூடத் தெரியாது. அவருக்கு ஒரு பாட்டு என்றால் 'டும் டும் டூம்', இன்னொரு பாட்டு என்றால் 'டூம் டுடும்'. ஒரு மதியம் மனைவியின் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கட்டாயப்படுத்திப் பாடச் சொன்னார்கள். கூச்சத்தோடு எழுந்து நின்று ஆரம்பித்தார். மூன்றாவது டும்மிலேயே அந்த வீட்டுச் சின்னப் பெண், "சித்தப்பா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டுவிட்டாள். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

வினை அங்கேதான் முளைத்தது. மனைவியின் அக்கா சும்மா இருப்பவள் இல்லை. அடுத்த கச்சேரியில் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து, பாதாளத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும் சொன்னாள்: "கோவிச்சுக்காதடி. உன் வீட்டுக்காரர் பாடல. வாய அசைக்கிறார். மூணு பேர் பாடுறாங்க, நாலாவதா ஒருத்தர் இருந்தாத்தான் போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு நிறுத்தி வச்சிருக்காங்க."

பாதாளத்தின் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் கூப்பிடுபவள். நாள் முழுக்க இருமலுக்கும் அழுகைக்கும் நடுவில் தன் குரலை ஏற்றி ஏற்றிப் பழகியவள். அவளுக்கு ஒரு மனுஷன் பாடியும் கேட்காது என்பது நம்பும்படி இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, கச்சேரிக்குப் போடும் கோட்டை ஹேங்கரில் மாட்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது."

"கேளு."

"நீங்க அங்க பாடுறீங்களா, நிக்கிறீங்களா?"

பாதாளத்துக்கு இருமல் வந்துவிட்டது. "பாடுறேன்."

"இத்தனை வருஷமா முதல் வரிசையில உக்காந்திருக்கேன். உங்க தொண்டைக்குழி ஏறி இறங்குறது தெரியுது. சத்தம்தான் வரல. டிவில வால்யூமைக் குறைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"எல்லாரும் சேர்ந்து பாடுறப்ப அப்படித்தான் இருக்கும்."

"அந்தத் தையல்காரர் சத்தம் கேக்குதே. மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினாக்கூடக் கேக்குது." கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த முடியை எடுத்துப் போட்டாள். "எனக்கு வாரத்துல கிடைக்கிறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதையும் நீங்க அங்க போய்க் கரைச்சிட்டு வர்றீங்க. பாடுறீங்கன்னு தெரிஞ்சா சரி, போனாப் போகுதுன்னு விடலாம். சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கயே நில்லுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"அடுத்த கச்சேரியில ஒரே ஒரு தடவை உங்க சத்தம் என் காதுல விழணும். விழுந்துச்சுன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். விழலைன்னா ஞாயித்துக்கிழமை எனக்கு."

பாதாளம் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது நியாயமாகவே இருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். நியாயமில்லாமல் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நால்வரின் பாட்டுகளிலேயே ஊர் உயிரை விடுவது குடைப் பாட்டுக்குத்தான். மேல் குரல், மழை வரும் போலிருக்கிறதே, குடை எங்கே என்று கேட்கும். நடுக் குரல்கள், குடை வீட்டில் இருக்கிறது, வீடு தூரத்தில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லும். இப்படியே கேள்வியும் சாக்குமாகப் போய்க் கடைசியில் எல்லாக் குரலும் நின்று, அடியிலிருந்து ஒற்றைக் குரல் மட்டும் எழுந்து, 'நனைஞ்சே போகலாம் வா' என்று முடிக்கும். இசைத்தட்டில் அந்த வரி நாலாமவருடையது. ஆனால் மீண்டும் நால்வரில் அது ஆரம்பத்திலிருந்தே கிளட்சிடம் போய்விட்டது. கைதட்டல் அங்கேதான் விழும் என்று கிளட்சுக்குத் தெரியும்.

அந்த வரி வேண்டும் என்று கேட்க வேண்டும். மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் சரியாக வந்தது. கிளட்சின் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. நல்லவேளையாக அந்த வாரமே கிளட்ச் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி விட்டுப்போனது. பாதாளம் போய்ப் பொருட்களையெல்லாம் எடுத்து வெளியே வைத்துவிட்டு, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துக்கொண்டார். உள்ளே இருட்டாக, தனிமையாக, தைரியமாக இருந்தது.

"அண்ணே, அந்தக் குடைப் பாட்டுக் கடைசி வரி எனக்கு வேணும்."

கிளட்ச் தக்காளிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் ஃப்ரிட்ஜுக்குள் மோதி இன்னும் பெரிதாகி வந்ததில், ஏதோ அசரீரி கேட்டது போல் ஆகிவிட்டது.

"யாரு?"

"நான்தாண்ணே. உள்ள இருக்கேன்."

"வெளிய வந்து கேளேன்."

"வெளிய வந்தா கேக்க மாட்டேண்ணே."

கிளட்ச் ஒரு தக்காளியை உருட்டிப் பார்த்தார். பெரிய வாக்குவாதம் வரும் என்று பாதாளம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் கிளட்ச் சிரித்தபடி, "எடுத்துக்கோயேன், அதுல என்ன இருக்கு," என்று சொல்லிவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது ஏன் என்று பாதாளம் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் தலையைத் தூக்கி உள்தட்டில் இடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஊரில் ரிப்பேருக்கு வந்த ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் பாடின. பாதாளம் கதவு ரப்பரைக் கழற்றும்போதும், பின்பக்கத் தூசியைத் தட்டும்போதும், 'நனைஞ்சே போகலாம் வா' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக வார்த்தை வைத்துப் பாடுவது, பல் கட்டிய புதிதில் முறுக்கு கடிப்பது போல இருந்தது. 'ந'வில் நாக்கு மாட்டியது. 'வா'வில் வாய் எவ்வளவு திறப்பது என்று தெரியவில்லை. ஒரு வீட்டம்மாள் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "என்னப்பா, பெட்டி ஏதோ முனகுதே?" என்றாள்.

"பழைய கம்ப்ரசரும்மா. சரியாயிடும்."

"அது சரி. நனையலாம்னு சொல்ற மாதிரி இருக்கே."

"தண்ணி லீக் ஆகுதுல்ல. அதான்."

மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. "இந்தத் தடவை கேக்கும்," என்று மட்டும் சொல்லி வைத்தார். "எப்படி?" என்றதற்கு, "கேக்கும்," என்றார்.

கச்சேரி நாள் வந்தது. நகர மண்டபம் நிறைந்துவிட்டது. வழக்கமாக வரும் கூட்டம்தான். பெரும்பாலும் வயதானவர்கள். குளிருக்கு ஸ்வெட்டரும் இருமலுக்கு மிட்டாயுமாக வந்து, எல்லாப் பாட்டையும் தாங்களே எழுதியது போலத் தலையாட்டுகிறவர்கள். முதல் வரிசையில் பாதாளத்தின் மனைவி, பக்கத்தில் அக்கா. அக்கா பாதாளத்தின் வாய்க்கு நேராக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

ரயில் பாட்டு போயிற்று. தபால்காரர் பாட்டு போயிற்று. பாதாளம் டும் டும் என்று அடியில் நகர்ந்துகொண்டே, மனதின் ஓரத்தில் தன் வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பையில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பது போல. இருந்தது. குடைப் பாட்டை எடுத்தார்கள். தையல்காரர் மழைக்கு மேலே நின்று கேட்டார். நடுவில் இருவரும் சாக்குச் சொன்னார்கள். எல்லாக் குரலும் நின்றன. பாதாளம் வயிறு நிறைய மூச்சை இழுத்து, மைக்கை நோக்கி ஓரடி வைத்து, வாயைத் திறந்தார்.

'நனைஞ்சே போகலாம் வா' என்று மண்டபம் பாடியது.

மண்டபம் முழுவதும். முன்வரிசை, பின்வரிசை, மாடி, வாசலில் டிக்கெட் கிழித்தவர், விளக்குப் போடுகிறவர் எல்லாரும். ஓட்டைப் பல்லும் கட்டிய பல்லும் ஒன்றாகத் திறந்துகொண்டன. அதில் பாதாளம் பாடியது பாதாளத்துக்கே கேட்கவில்லை. கைதட்டல் வேறு.

அவர் திகைத்துப்போய்த் தையல்காரரைப் பார்த்தார். "என்ன மாப்ள இது?"

தையல்காரர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். "எப்பவும் இதானே மாப்ள. அந்த வரிய ஜனங்கதான் பாடும். கிளட்ச் சும்மா வாயத் திறந்துக்கிட்டு நிப்பாரு. இத்தனை வருஷமா நீ பாக்கலையா?"

பாதாளம் பார்த்ததில்லை. அந்த இடத்துக்கு முந்தைய டும்தான் கச்சேரியிலேயே ஆழமான டும். அதைப் போட்டு முடித்ததும் அவருக்குக் காது அடைத்துவிடும், கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். திறந்து பார்க்கும்போது கைதட்டல் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அது கிளட்சுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்று தன் வரிக்காக அந்த டும்மை விட்டுவிட்டதால்தான் காதும் கண்ணும் திறந்திருந்தன.

"இன்னொரு தடவை," என்று மாடியிலிருந்து குரல் வந்தது. கிளட்ச் தாராளமாகத் தலையாட்டினார். மறுபடி மழை, மறுபடி சாக்கு. பாதாளம் இந்த முறை மைக்கை விழுங்குகிற தூரத்துக்குப் போனார். இரண்டாம் முறை என்பதால் மண்டபத்துக்கும் தெம்பு கூடியிருந்தது. முதல் முறை கூச்சப்பட்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாயைத் திறந்தபடி நின்ற பாதாளத்தின் கண்ணுக்கு நேரே முதல் வரிசையில் அவர் மனைவி. கை தட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாரையும் விட உரக்க அவள்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக மேடையை விட்டு இறங்கிப் போவது அவருக்குத் தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் வகுப்பறை, அட்டைகள், உள்ளங்கால் கூச்சம் எல்லாம். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மனைவிக்கு அந்த முகம் தெரியும். ஃப்ரிட்ஜ் இனி தேறாது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்ல முடியாமல் நிற்கும்போது வைத்துக்கொள்கிற முகம் அது. கைதட்டல் அடங்குவதற்குள் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள். "என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

பாதாளம் இல்லை என்று தலையாட்டினார். தையல்காரர்தான் தொந்தி மடங்கக் குனிந்து சொன்னார். "அது இவரோட வரிம்மா. உங்க காதுல விழணும்னு கேட்டு வாங்கினது. ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டுக் கேட்டிருக்காரு."

"எந்த வரி?"

"இப்ப நீங்க பாடினீங்களே, அதுதான்."

 அவள் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் அந்தத் திரும்பலைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பேச்சு அப்போதே நின்றுவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. இப்ப என் வீட்டுக்காரர் தனியாப் பாடணும். ஒருத்தரும் கூடப் பாடக் கூடாது. பாடியே தீரணும்ங்கிறவங்க வெளிய போய்ப் பாடி முடிச்சிட்டு வாங்க."

"நாங்க டிக்கெட் வாங்கியிருக்கோம்," என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர்.

"நானும்தான் வாங்கியிருக்கேன் தாத்தா. இத்தனை வருஷமா. இன்னும் எனக்குச் சரக்கு வந்து சேரல."

பெரியவர் உட்கார்ந்தார். மிட்டாய்க் காகிதம் பிரிக்கிற சத்தம்கூட நின்றது. மண்டபம் முழுவதும் பாதாளத்தைப் பார்த்தது. அவர் வாழ்நாளில் இத்தனை கண்கள் அவரைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். அத்தனை ஃப்ரிட்ஜ்களுக்குள் தலைவிட்டுப் பழகிய வரி, பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த வரி, இல்லை. 'ந' இல்லை, 'வா' இல்லை. வார்த்தைகள் எல்லாம் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொண்டு அவரை வேடிக்கை பார்த்தன.

வந்தது ஒன்றுதான்.

"டும்," என்றார் பாதாளம்.

யாரோ களுக்கென்று சிரிக்கப் பார்த்தார்கள். டோக்கன்காரம்மாள் திரும்பிப் பார்க்கவும் அது இருமலாக மாறிவிட்டது. பாதாளம் வேறு வழி தெரியாமல் அடுத்த டும்மைப் போட்டார். அதற்கடுத்தது. ஒன்று போட்டால் இன்னொன்று தானாக வந்தது. குடைப் பாட்டின் அடித்தளம் மட்டும் தனியாக, கூரையோ சுவரோ இல்லாமல், மேடையில் நகர ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் மருந்துக்கடைக்காரர் மெல்ல ஏறிக்கொண்டார். பிறகு கிளட்ச், தன் கையையே 'ஒலி எழுப்பாதே' என்று தன் வாய்க்கு நேராகக் காட்டிக்கொண்டு, மிக மெதுவாக. கடைசியில் தையல்காரர், ஊசியில் நூல் கோப்பது போல.

கடைசி வரி வரும் இடம் வந்தது. எல்லாக் குரலும் நின்றன. யாரும் பாடவில்லை. பின்வரிசைப் பெரியவர் வாயைத் திறந்தார், அவர் மனைவி சட்டென்று ஸ்வெட்டர் கையால் பொத்திவிட்டாள். மண்டபம் முழுக்க அந்த வரியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே பாதாளம் மட்டும், டும் டும் டூம் என்று மூன்று எட்டு வைத்து, பாட்டை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. கேட்டது பாட்டுத்தானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பிறகு தட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை. "கேட்டுச்சு," என்றாள் தங்கையிடம், ஏதோ பறிகொடுத்தவள் மாதிரி.

அதற்கப்புறம் மீதி இருந்த பாட்டுகளையும் பாடிக் கச்சேரி முடிந்தது. மனைவி ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள். பாதாளம் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். தெருமுனை வந்தது.

"கேட்டுச்சா?" என்று கேட்டார்.

"கேட்டுச்சு. அந்தப் பாட்டுல மட்டும் இல்ல. ஒரு தடவை பிடிபட்டதுக்கப்புறம் கடைசிவரைக்கும் நீங்கதான் கேட்டீங்க. அந்தத் தையல்காரர் என்ன பாடினார்னே எனக்குத் தெரியாது."

பாதாளத்துக்குத் தலைகால் புரியவில்லை. இருட்டில் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார்.

"விளக்குப் பாட்டுல ரெண்டாவது சரணம் இருக்கில்ல," என்றாள் அவள்.

"ஆமா."

"அங்க கொஞ்சம் இழுத்துட்டீங்க."

"எங்க?"

"டும் டும்னு வந்து ஒரு டூம் வருதே, அங்க. மத்தவங்க போயிட்டாங்க, நீங்க பின்னாடி ஓடிப் பிடிச்சீங்க."

"அது மூச்சு வாங்கினது."

"மூச்சுன்னா முன்னாடியே எடுத்து வச்சுக்கணும்ல. அப்புறம் கடைசிப் பாட்டுல ரெண்டு டும் குறையுது. ஒரு இடத்துல இல்லாத டும் ஒண்ணு சேர்த்துட்டீங்க."

 அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கடைசிப் பாட்டில் அந்த இரண்டு டும் இன்று நேற்றல்ல, ஆரம்பத்திலிருந்தே குறைகிறது. கிளட்சுக்குத் தெரியாது, தையல்காரருக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் எவ்வளவு நிம்மதியாகத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

"பத்து மணிக்கு. ஏன்?"

"நானும் வரேன். ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

பாதாளம் மடியில் இருந்த கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.